குருநாதன் முறை

ராத்திரி மணி பதினொன்று பத்து. திருவாலங்காட்டிலிருந்து திருத்தணிக்கு வருகிற சாலை.

போன மார்கழி. 2008 முடிய இன்னும் நாலைந்து நாள். பனி என்றால் நீங்கள் பார்த்த பனி இல்லை... வண்டியின் முன்விளக்கு வெளிச்சம் நாலடி போய் முட்டி, திரும்பி ஓட்டுகிறவன் மூஞ்சியிலேயே விழுகிற பனி. இரண்டு பக்கமும் கரும்பு. அதன் மேல் காற்று பட்டால் ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கிறீர்களா? இருட்டில் யாரோ புதுப் பட்டுப்புடவையை மடிப்பு பிரிக்கிற மாதிரி. சர்ர்... சர்ர்... என்று. அந்தச் சாலையில் ஒரே ஒரு மொபெட்.

ஓட்டுகிறவன் முருகவேல். என் சிநேகிதன் பக்தவச்சலத்தின் மனைவிக்குத் தம்பி. முப்பது வயது. சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிக்கு எடைச்சீட்டு அடிக்கிற வேலை. பயந்த பிள்ளை இல்லை. ஆனால் அன்றைக்கு அவன் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் அரக்கோணம் வரைக்கும் கேட்டது என்று நான் சொன்னால் நம்புங்கள். அவன் சட்டைப்பையில் ஒரு துண்டு சாக்பீஸ் இருந்தது. இடுப்பில் ஒரு ஈரத்துணி.

செத்துப்போன ஒரு மனிதனின் பெயரை அழிக்கப் போகிறான்.

நெருங்கி உட்காருங்கள். மண்டபத்துக் கதவைச் சாத்தாதீர்கள், சாத்தினால் சொல்ல மாட்டேன். முகூர்த்தம் காலை ஆறு மணிக்குத்தான். இந்தக் கதையைக் கேட்ட பிறகு எப்படியும் நீங்கள் தூங்கப்போவதில்லை.

திருத்தணியில் ஒரு வலைத்தளம் இருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல். பெயர், ஊர், ரத்த வகை, போன் நம்பர். அவ்வளவுதான். நாலாயிரத்துச் சொச்சம் பேர். வழக்கமாக நான் பத்தாயிரம் என்று சொல்வேன், ஆனால் கல்யாண வீட்டில் பொய் சொல்லக் கூடாது. சென்னை-திருப்பதி சாலையில் எங்கே வண்டி மோதினாலும், ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். அரசாங்கம் நடத்தவில்லை. கம்பெனி நடத்தவில்லை. ஊர்க்காரர்கள் மூன்று பேர் நடத்தினார்கள்.

ஒருவர் சண்முகசுந்தரம், ஜெராக்ஸ் கடைக்காரர், ஐம்பது வயது. கடைக்கு மேல் இருக்கிற அறையை விட்டுக்கொடுத்தவர். இரண்டாவது குருநாதன், மலைமேல் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற வீட்டுப்பிள்ளை. மூன்றாவது நம் முருகவேல்.

சர்வர், சர்வர் என்று பெரிதாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். சூடாகாமல் இருக்கப் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தார்கள். குளிர்காலத்துப் பாட்டுக்காரன் மாதிரி கரகரவென்று அது தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும். ஒரு இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி. அது நின்றால் பட்டியல் நின்றது. பட்டியல் நின்றால் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒருவன் வெறுங்கையோடு நிற்கிறான். அதனால் அதை ராத்திரி பகலாக உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பகலில் சண்முகசுந்தரம் பார்த்துக்கொள்வார். ராத்திரிக்கு?

குருநாதன்தான் வழி சொன்னான். கோயிலில் எப்படி? இன்றைக்கு இந்த வீட்டு முறை, நாளைக்கு அந்த வீட்டு முறை. முறை என்று வந்துவிட்டால் ஜுரமாக இருந்தாலும் படியேறியாக வேண்டும். அதே மாதிரி இங்கேயும் முறை போட்டார்கள். அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. ஏழு கிழமை. ஆளுக்கு இரண்டு ராத்திரி, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி மாற்றி. முறைக்காரன் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இரும்புப்படி ஏறிப் போய், கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்து, பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும் போன் போட வேண்டும். யாரும் எடுக்கக் கூடாது. ஒரு ரிங் என்றால் உயிரோடு இருக்கிறது, தூங்கு. இரண்டு ரிங் என்றால் போய்விட்டது, எழுந்து ஓடி வா.

மூன்று வருஷம் அந்த ஒரு ரிங்கைக் கேட்டுத்தான் மூன்று வீடும் தூங்கியது.

போன வருஷம் ஆனி மாதம்... குருநாதன் செத்தான்.

கனகம்மாசத்திரம் பக்கம், ராத்திரி பத்தரைக்கு, லாரி. திருவள்ளூர் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் மனைவி ஞானாம்பாள் கூடவே போனாள். நல்ல நினைவோடுதான் இருந்தான். ஓ நெகட்டிவ் வேண்டும், இங்கே இல்லை, மெட்ராசுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர்.

குருநாதன் சிரித்தானாம். "மெட்ராசு எதுக்குங்க? எங்க பட்டியல்ல பதினாலு பேரு கீறாங்க. தெறந்து பாருங்க."

திறந்தார்கள். வரவில்லை.

"ஞானா, வீட்டுக்கு போன் போட்டு அத்தையக் கேளு. பதினோரு மணி ரிங்கு வந்துச்சான்னு."

வீட்டில் ஜெயம்மாள் அத்தை இருந்தாள். "ஆங், வந்துச்சுடி. ஒரே ஒரு தபா," என்றாள்.

"அப்போ உயிரோடதான் கீது," என்றான் குருநாதன். "கோளாறு இங்கத்தான். இன்னொரு வாட்டி பாருங்க சார்."

இன்னொரு வாட்டி பார்த்தார்கள். அதற்கப்புறம் இன்னொரு வாட்டி. முருகவேலின் கைபேசிக்குப் போட்டாள் ஞானாம்பாள்... அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சண்முகசுந்தரம் அன்று சோளிங்கரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மூன்று மணிக்கு மறுபடி அத்தையைக் கேட்டார்கள். மறுபடியும் ஒரு ரிங் வந்திருந்தது. மெட்ராசுக்குக் கிளம்பலாம் என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் குருநாதன் கையை ஆட்டி மறுத்தான். "ரிங்கு வந்துச்சு இல்ல... பாத்துட்டுத்தான் குடுத்துருப்பான்."

நாலரை மணிக்கு அந்தக் கை ஆடவில்லை.

அன்றைக்கு யாருடைய முறை? முருகவேலின் முறை. இரண்டு ஷிப்டு வேலை பார்த்த உடம்பு, வெளியே தூறல்... படுத்த இடத்திலிருந்தே கைபேசியில் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு ரிங் கொடுத்துவிட்டு, அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிட்டான். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இன்னொரு தடவை அதையே செய்தான். படியேறவே இல்லை. பேட்டரி இறங்கி, பத்து மணிக்கே கம்ப்யூட்டர் படுத்திருந்தது.

மறுநாள் சண்முகசுந்தரம் கேட்டார். "நீ பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு நைனா?"

"ஆங்... நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றான் முருகவேல்.

அதற்கப்புறம் அதை அவனால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. பாடையைத் தூக்கும்போது முன்பக்கத்துத் தோள் அவனுடையதுதான். அப்போதும் சொல்லவில்லை.

பலகையில் குருநாதன் பெயர் அப்படியே இருந்தது. அழிக்கலாமா என்று சண்முகசுந்தரம் கேட்டதற்கு, ஞானாம்பாள்தான் வேண்டாம் என்றாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. முறைக்காரர் இறந்தால் வருஷம் திரும்பும்வரை அவர் பெயரிலேயே முறை ஓடும். வேறு யாராவது போய்ச் செய்வார்கள், ஆனால் பெயர் அவருடையது. சரியம்மா என்று விட்டுவிட்டார்கள். செவ்வாயும் சனியும் குருநாதன்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது பாருங்கள். செவ்வாய்க்கிழமை முருகவேல் போவான் என்று சண்முகசுந்தரம் நினைத்தார். சண்முகசுந்தரம் போவார் என்று முருகவேல் நினைத்தான். யாரும் போகவில்லை. ஆனால் பதினொரு மணிக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரு ரிங் வந்தது. சரி, அவர் போயிருக்கிறார். சரி, அவன் போயிருக்கிறான். போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

மூன்று வாரம் இப்படி. ஒரு நாள் டீக்கடையில் சண்முகசுந்தரம் சொல்கிறார்: "செவ்வாயும் சனியும் நீயே போய்கினு கீறியே நைனா... நல்ல மனசுப்பா உனக்கு."

"நானா? நீங்கதானே போறீங்க?"

இரண்டு பேர் கையிலும் டீ இருந்தது. இரண்டும் ஆறிப்போயிற்று.

மேலே ஓடினார்கள். கம்ப்யூட்டர் எப்போது நின்றது, எப்போது எழுந்தது என்று அதுவே எழுதிவைத்துக்கொள்ளும். புரட்டிப் பார்த்தார்கள். செவ்வாய், சனி, செவ்வாய், சனி... ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஊரே இருட்டாக நாலு மணி நேரம் கரண்ட் இல்லாத ராத்திரியிலும் நிற்கவில்லை. அந்த இரண்டு பேட்டரியும் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது! நான் தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறினவன், பேட்டரியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சண்முகசுந்தரம் அந்தச் சனிக்கிழமை கடைக்குள்ளேயே விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்திருந்தார். பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது... இரும்புப்படியில் சத்தம். டங்... டங்... அவசரமில்லாமல், மலைப்படி ஏறிப் பழகின கால். மேலே கதவு திறந்தது. அப்புறம் ஒரு வாசனை இறங்கி வந்தது.

என்ன வாசனை என்கிறீர்கள்? மல்லிகை என்று நினைப்பீர்கள். இல்லை. நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரிகிற வாசனை! புளியோதரைக்குத் தாளிக்கிற வாசனை! பயத்தில் மயிர் சிலிர்க்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது... மனுஷன் என்ன செய்வார்? மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து, விடியும்வரை எச்சில் விழுங்கிக்கொண்டே கந்தர் சஷ்டி கவசம் சொன்னாராம்.

இன்னொருவராக இருந்தால் அந்த அறையையே பூட்டியிருப்பார். சண்முகசுந்தரம் வியாபாரி. ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஈரத்துணி எடுத்துப் பலகையில் தன் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்திலும் 'குருநாதன்' என்று எழுதினார்.

"இன்னாங்க இது?" என்றான் முருகவேல்.

"இன்னா இன்னா? எனுக்கு சக்கர வியாதி, முட்டி வலி. அவனுக்கு இன்னா கீது? நம்மள விட நல்லா பாத்துக்கறான். டீ கூடக் கேக்கறதில்ல. நீயும் உன்னோடத அவங்கிட்ட குடுத்துடு நைனா. உன் முறையிலதான் தெனமும் படுத்துகினு கீது."

அது உண்மை. முருகவேலின் முறை ராத்திரிகளில் மட்டும் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. இப்போது அவன் படுக்கையிலிருந்து ரிங் கொடுப்பதில்லை. ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தான். என்ன பயன்? ஒரு நாள் பியூஸ் போகும். ஒரு நாள் எலி ஒயரைக் கடிக்கும். புது பேட்டரி வாங்கிப் போட்டான், அது அரை மணி நேரத்தில் இறங்கியது. தெருவில் குழி தோண்டுகிறவன் கேபிளை அறுத்தால், அதுவும் இவன் முறையன்றைக்குத்தான் அறுப்பான். இரண்டு ரிங், இரண்டு ரிங், இரண்டு ரிங்... சண்முகசுந்தரம் திட்டிக்கொண்டே வருவார்.

அப்படியும் அவன் தன் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது? தன்னை நம்பிச் செத்தவனிடமா?

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். பட்டப்பகல். கடைக்கு ஞானாம்பாள் வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். முருகவேலும் அங்கே இருந்தான்.

"அவர் பேர அழிச்சுடுங்க," என்றாள்.

"ஏம்மா, வருஷம் திரும்பட்டும்னு நீதானே சொன்னே?" என்றார் சண்முகசுந்தரம்.

"சொன்னேங்க. வாரத்துக்கு ரெண்டு நாள்தானேன்னு சொன்னேன். இப்போ அஞ்சு நாள் போறார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "விடியற நேரத்துக்கு வாசல்ல கால் கழுவுற சத்தம் கேக்குது. நான் எழுந்து போறதில்ல. வென்னீர் மட்டும் வெச்சுட்டு வந்து படுத்துக்கறேன். காலையில பாத்தா அண்டா காலி. தள்ளாடி நடந்த காலடி கூடம் முழுக்க... ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு, வீங்கின காலுங்க அது. நேத்து ராத்திரி அழுதார். உசுரோட இருந்தப்ப அவர் அழுது நான் பாத்ததில்ல." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "செத்தவங்களுக்குக் கூடவா லீவு கெடையாது?"

சண்முகசுந்தரம் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினார்.

"நீ சொல்றது புரியுதும்மா," என்றார் சண்முகசுந்தரம். "ஆனா இது மார்கழி. சபரிமலை வண்டி, திருப்பதி வண்டி, பனி... இந்தப் பத்து நாள்ல மட்டும் பதினோரு பேரு பொழச்சுகினு கீறாங்க, நம்ம பட்டியலால. அவன் போயிட்டான்னா அத யாரும்மா காப்பாத்தறது?"

"நான்," என்றான் முருகவேல்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏழு நாளும் நானே பாக்கறேன். நீங்க போங்க அண்ணி. இன்னிக்கு ராத்திரி நான் அழிச்சுடறேன்."

அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவன் நெஞ்சில் கத்தி மாதிரி இறங்கியது என்று பக்தவச்சலத்திடம் சொன்னானாம். அன்றைக்கு நான் படியேறவில்லை அண்ணி, பொய் ரிங் கொடுத்தேன் என்று சொல்ல வாய் திறந்தான். பார்த்தால் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

அன்றைய ராத்திரிதான் நான் முதலில் சொன்ன ராத்திரி. ஆலையில் வேலை முடித்துவிட்டு மொபெட்டில் வருகிறான்.

திருத்தணிக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. ஊர் முழுக்க இருட்டு. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மலையே தெரியவில்லை. வண்டியை நிறுத்தினான். இரும்புப்படி... பனியில் நனைந்து ஜில்லென்று. ஏறினான். கதவுக்குக் கீழே பச்சை வெளிச்சம் ஒரு கோடு மாதிரி.

கதவைத் தள்ளினான்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரில் விளக்கு இல்லை... பேட்டரி செத்துக் கிடந்தது. பெருங்காய வாசனை நெஞ்சை அடைத்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பிரம்பு நாற்காலியின் நடுப்பகுதி கீழே அழுந்தியிருந்தது, ஒரு கனமான ஆள் உட்கார்ந்த மாதிரி. நாற்காலிக்குக் கீழே சிமெண்டில் இரண்டு ஈரம். பாதம் அளவுக்கு. பெரிய பாதம்.

"குருண்ணே..." என்றான்.

ஃபேன் சுற்றியது.

"அன்னிக்கு நான் மேல வரலண்ணே. படுத்துகினே ரிங்கு குடுத்தேன். ரெண்டு தபாவும். நீங்க என்னை நம்பிகினு..."

நாற்காலி முனகியது. உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்த்தால் எப்படி முனகும், அப்படி.

முருகவேல் பலகைக்குப் போனான். ஈரத்துணியால் ஒரு கிழமையின் பெயரை அழித்தான். வாசனை கொஞ்சம் குறைந்தது. அடுத்ததை அழித்தான். இன்னும் குறைந்தது. குருநாதன் என்று இருந்த இடமெல்லாம் அழித்து, ஏழு கிழமைக்கும் 'முருகவேல்' என்று எழுதினான். எழுதிவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். வரவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது, வாய்விட்டுச் சொன்னான்:

"நீங்க போய் தூங்குங்கண்ணே. இனிமே ரத்தம் கெடைக்காம ஒருத்தரும் சாகமாட்டாங்க. பட்டியல் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி... அது என் முறை. நான் விடமாட்டேன்."

நாற்காலி மெல்ல மேலே எழும்பியது. ஒரு பெருமூச்சு. இரும்புப்படியில் கால்கள் இறங்கிப் போயின... டங்... டங்... கடைசிப் படி வரைக்கும்.

ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் நின்றது.

ராத்திரி முழுக்க டார்ச்சு வெளிச்சத்தில் போராடினான். விடிந்து கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. உள்ளே தட்டைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் வந்தது. சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள், வெறும் தகரம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். நகல் எடுத்துப் பூட்டிவைத்திருந்த சிடி ஒன்றுகூடத் திறக்கவில்லை. நாலாயிரம் பெயரும் போயிற்று. மறுபடி வீடு வீடாகப் போய் எழுதினாலும், கம்ப்யூட்டருக்கும் ஆளுக்கும் எங்கே போவது? சண்முகசுந்தரம் அறையைப் பூட்டிவிட்டார். பட்டியல் முடிந்தது.

ஞானாம்பாள் மட்டும் அன்றைக்குக் காலை எட்டு மணி வரை தூங்கினாளாம். ஆறு மாதத்தில் முதல் தடவையாக.

நாலாம் நாள், ஜெராக்ஸ் கடைக்கு ஒரு போன் வந்தது. திருவள்ளூரிலிருந்து ஒரு நர்ஸ்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நேத்து ராத்திரி ஒரு டெலிவரி கேசு. உங்க பட்டியலப் பாத்துத்தான் கூப்பிட்டோம். ரெண்டு மணிக்கு வந்து குடுத்துட்டுப் போனாரு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

"எந்தப் பட்டியல்மா? அது செத்து நாலு நாளாச்சே."

"இல்லையே சார். தெறந்துச்சே. ஆனா ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு."

"இன்னா பேரு?"

"முருகவேல்."

சண்முகசுந்தரம் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, பக்தவச்சலம் வீட்டுக்கு ஓடினார். அக்காள் வீட்டில்தான் முருகவேல் தங்கியிருந்தான். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவன், பக்கத்துக் கட்டிலில் பக்தவச்சலம், கதவுக்கு உள்தாழ்ப்பாள். எங்கும் போகவில்லை. சட்டைக்கையை மடித்துப் பார்த்தார்கள். முழங்கை மடிப்பில் ஒரு ஊசிக்குத்து. அதன்மேல் ஒரு துளிப் பஞ்சு.

மறுநாள் திருப்பதியிலிருந்து போன். அதற்கு மறுநாள் வேலூர், சித்தூர், ஊத்துக்கோட்டை... மூன்று ஊரிலும் ஒரே ராத்திரி, ஒரே இரண்டு மணி. ஓ நெகட்டிவ் வேண்டுமென்றவர்களுக்கு ஓ நெகட்டிவ். ஏபி வேண்டுமென்றவர்களுக்கு ஏபி. ஆலை அடையாள அட்டையில் முருகவேலின் ரத்தம் பி பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது, நானே பார்த்தேன்.

பக்தவச்சலம் அவன் கைகளைக் கட்டிலோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தான். கண்ணை மூடவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். இரண்டு மணி அடித்தது. முருகவேல் தூக்கத்தில் ஒரு தடவை முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். விடிந்ததும் துண்டை அவிழ்த்தால்... முடிச்சு அப்படியே இருக்கிறது, உள்ளே ஆறு பஞ்சு.

பலகையில் பெயரை அழித்துப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். கடைசியில் பலகையையே உடைத்து அடுப்பில் வைத்தார்கள். போன் வருவது நிற்கவில்லை.

"நீயே வேணாம்னு சொல்லிடுடா," என்று அவன் அக்காள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"யாருகிட்ட சொல்லறது?" என்றான். "அந்த டெலிவரி கேசுகிட்டயா?"

தை மாதம், முகம் சுண்ணாம்பு மாதிரி ஆன பிறகு, ஊரிலேயே ஒரு வயதான டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பக்தவச்சலம் கூடப் போனான். டாக்டர் நரம்பைத் தட்டிப் பார்த்து, பரிசோதனைக்காக ஊசியை ஏற்றி இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு கை. வரவில்லை. புறங்கையில் குத்தினார், காலில் குத்தினார். ஊசிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டு இல்லை. குத்தின இடத்தைத் துடைத்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. டாக்டர் அதைக் கீழே வைத்துவிட்டு, பின்கதவு வழியாக வீட்டுக்குள் போனவர், திரும்பி வெளியே வரவில்லை.

முருகவேல் எழுந்து சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அக்காள் புருஷனைப் பார்த்தான்.

"கெளம்பலாமா பாவா? ரெண்டு மணிக்குள்ள படுத்தாகணும்."

இப்போது ஆனி. நேற்று ராத்திரி மட்டும் ஒன்பது பேர்.